டிஸ்னி வேர்ல்ட் சாப்பாட்டுத் திட்டம்: பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு அறையும் டிக்கெட்டும் சேர்த்துப் பதிவு செய்யும்போது, டைனிங் பிளானும் சேர்க்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். முதல் தடவை போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதியாகத் தெரியும். சாப்பாட்டுப் பணத்தை இப்போதே கட்டிவிட்டால் அங்கே போய் வேளைக்கு வேளை பர்ஸைத் திறக்க வேண்டாமே என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் 2024-இல் சேர்த்தோம். நாங்கள் இருவர், அப்பா, அம்மா, 11 வயது மகன், 5 வயது மகள் என்று ஆறு பேர், நான்கு இரவு. அடுத்த தடவை போனபோது சேர்க்கவில்லை. இனி ஒருமுறை போனால் சேர்ப்பேனா என்பது யார் யார் கூட வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று இங்கே சொல்கிறேன்.

முதலில், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தத் திட்டம் 2005-இல் தொடங்கியது. கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. இரண்டு வகை உண்டு.

சின்னது குயிக் சர்வீஸ் பிளான். கவுண்டரில் வாங்கி நாமே தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காரும் வகை. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இரண்டு சாப்பாடு, ஒரு ஸ்நாக். பெரியது டிஸ்னி டைனிங் பிளான். இதில் ஒரு கவுண்டர் சாப்பாடு, நாம் உட்கார்ந்த இடத்துக்கே பரிமாறும் டேபிள் சர்வீஸ் சாப்பாடு ஒன்று, ஒரு ஸ்நாக். இரண்டிலும் ஆளுக்கு ஒரு கோப்பை தருவார்கள். ஹோட்டலில் இருக்கும் இயந்திரங்களில் காபி, டீ, குளிர்பானம் எத்தனை முறை வேண்டுமானாலும் அதில் நிரப்பிக்கொள்ளலாம். பார்க்குக்குள் அந்தக் கோப்பை செல்லாது.

திட்டம் திரும்ப வந்த 2024-இன் விலைப்படி, சின்னது பெரியவருக்கு ஓர் இரவுக்கு 57.01 டாலர், 3 முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைக்கு 23.83 டாலர். பெரியது பெரியவருக்கு 94.28, பிள்ளைக்கு 29.69. அதற்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது. கீழே உள்ள கணக்கெல்லாம் 2024 விலையில் போட்டது. நீங்கள் போகும் வருடத்தின் எண்ணை அதே இடத்தில் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

புதிதாகப் போகிறவர்கள் தவறவிடும் விஷயங்கள் சில இருக்கின்றன. கணக்கு இரவுக்குத்தான், பகலுக்கு இல்லை. நான்கு இரவு தங்கினால் கையில் ஐந்து பகல் இருக்கும், சாப்பாடு நான்கு நாளுக்குத்தான் வரும். அதுவும் நாளுக்கு இரண்டு வேளை, மூன்று இல்லை. அறையில் உள்ள 3 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே திட்டத்தை வாங்க வேண்டும். "பிள்ளைக்கு மட்டும் போதும், பாட்டிக்கு வேண்டாம்" என்று சொல்ல முடியாது. பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர் கணக்கு. என் மகன் பாதித் தட்டுதான் சாப்பிடுவான், ஆனாலும் அவனுக்கு 94 டாலர். மூன்று வயதுக்குக் கீழ் இருந்தால் பணம் இல்லை, நம் தட்டிலிருந்து ஊட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் டிப்ஸ். அது திட்டத்தில் சேராது. டேபிள் சர்வீஸில் 18 முதல் 20 சதவீதம் தனியாகக் கொடுக்க வேண்டும், ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் போட்டுவிடுவார்கள். நாங்கள் சரியாக ஆறு பேர். டிஸ்னி கதாபாத்திரங்கள் மேசைக்கு வரும் ஒரு கேரக்டர் பஃபே இரவுச் சாப்பாட்டுக்கு டிப்ஸ் மட்டும் 65 டாலரைத் தாண்டியது. முன்பணம் கட்டிவிட்டோம், இனி செலவே இல்லை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும், இதற்குத் தனியே பணம் ஒதுக்கி வையுங்கள்.

ஒரு தாளை எடுத்து, வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, பலரும் இதைத்தான் செய்வதில்லை. சுற்றுலாவில் எப்படிச் சாப்பிடுவோம் என்று ஆசைப்பட்டு எழுத வேண்டாம். ஒரு சாதாரண சனிக்கிழமை வெளியே போனால் என்ன வாங்குவீர்கள்? சைவமா? சாப்பாட்டோடு குளிர்பானம் வாங்குவீர்களா, தண்ணீரே போதுமா? பீர், ஒயின் குடிப்பவர்கள் உண்டா? கடைசியில் இனிப்பு கேட்பீர்களா? ஒரு தட்டை இருவர் பகிர்ந்து கொள்வீர்களா?

ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், பெரியவர் விலை யாரை மனதில் வைத்துப் போடப்பட்டது என்பது இதில் தெரிந்துவிடும். கவுண்டர் சாப்பாடு என்றால் ஒரு முக்கிய உணவும் ஒரு பானமும். டேபிள் சர்வீஸ் என்றால் முக்கிய உணவு, பானம், மதியமும் இரவும் ஓர் இனிப்பு. 21 வயது நிரம்பியவர்களுக்கு அந்தப் பானம் பீராகவோ காக்டெயிலாகவோ இருக்கலாம். அங்கே ஒரு காக்டெயில் 15 டாலருக்கு மேல். ஆக, விலை உயர்ந்த இறைச்சித் தட்டும் காக்டெயிலும் இனிப்பும் வேளை தவறாமல் சாப்பிடுகிறவருக்கு லாபம். சைவ உணவும் தண்ணீருமாக முடித்துக்கொள்கிற என் அப்பாவுக்கு நஷ்டம்.

சின்னத் திட்டத்தின் கணக்கு

57 டாலரில் ஆரம்பிப்போம். ஸ்நாக் ஒன்று சுமார் 6 டாலர். கோப்பையைத் தனியாக வாங்கினால் 22 டாலர் அளவில் வரும், நான்கு இரவுக்குப் பிரித்தால் 5.50. இரண்டையும் கழித்தால் மிச்சம் 45.50. அதை இரண்டு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 22.75. உங்கள் கவுண்டர் சாப்பாடு 22.75 டாலருக்கு மேல் வந்தால்தான் திட்டம் லாபம்.

கவுண்டரில் ஒரு சாதாரணத் தட்டு 14 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குளிர்பானம் 5. வரி 6.5 சதவீதம். திட்ட விலையில் வரி அடக்கம், மெனு விலையில் வரி சேராது, அதனால் ஒப்பிடும்போது வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். மொத்தம் 20.20 டாலர். வேளைக்கு இரண்டரை டாலர் நஷ்டம். குளிர்பானம் வேண்டாம், தண்ணீர் போதும் என்றால் 14.90-தான், ஏனென்றால் கவுண்டரில் கேட்டால் ஒரு கப் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருவார்கள். அப்போது நஷ்டம் வேளைக்கு 8 டாலர், ஒரு நாளுக்கு 16. பீர் எடுப்பவருக்கு அதே தட்டு 26 டாலரைத் தாண்டும், அவருக்கு நாலு டாலர் லாபம்.

பெரிய திட்டத்தின் கணக்கு

94.28-இலிருந்து ஒரு கவுண்டர் சாப்பாடு 20.20, ஸ்நாக் 6, கோப்பை 5.50 கழியுங்கள். மிச்சம் ஏறக்குறைய 62.60. டேபிள் சர்வீஸ் சாப்பாடு அந்த அளவுக்கு வர வேண்டும். சாதாரண உணவகத்தில் முக்கிய உணவு 28, இனிப்பு 11, குளிர்பானம் 5, வரியோடு 47 டாலர். பதினைந்து பதினாறு டாலர் வீணாகிறது. காக்டெயில் எடுத்தாலும் 58 டாலர் பக்கத்தில்தான் நிற்கும்.

கேரக்டர் பஃபே என்றால் நிலைமை வேறு. மிக்கி, வின்னி த பூ என்ற கரடி, டொனால்ட் எல்லாம் மேசைக்கே வந்து நின்று படம் எடுத்துக்கொள்ளும் சாப்பாடு அது. இரவுக்குப் பெரியவருக்கு 65 டாலர் அளவில் வரும், வரியோடு 69. இதில் 6 டாலர் கையில் நிற்கிறது. பிள்ளைகள் பக்கம் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிள்ளையின் 29.69 டாலரில் கவுண்டர் சாப்பாடு, ஸ்நாக், கோப்பை போக மிச்சம் 9 டாலர்தான். அந்த 9 டாலருக்கு, 40 டாலர் விலையுள்ள கேரக்டர் சாப்பாடு கிடைக்கிறது. ஒரே வேளையில் 30 டாலர் லாபம்.

கிரிஸ்டல் பேலஸ் என்ற கேரக்டர் பஃபேயில் மகள் தட்டில் இரண்டு துண்டு வாஃபிள், நாலு திராட்சை. பூ கரடி வந்து பக்கத்தில் நின்றதும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் சாப்பிடவே இல்லை, போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டுக்குத் தனியாகப் பணம் கொடுத்திருந்தால் எனக்கு மனசு அடித்துக்கொண்டிருக்கும். திட்டத்தில் போனதால் நிம்மதியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது குடும்பத்தைக் கூட்டுங்கள்

எங்கள் ஆறு பேருக்கு, மகனையும் சேர்த்து ஐந்து பெரியவர், ஒரு பிள்ளை. பெரிய திட்டம் நான்கு இரவுக்கு 2004 டாலர். ஐந்து பெரியவரின் நஷ்டத்தை ஒரு சின்னப் பெண்ணின் லாபம் எப்படி ஈடுகட்டும்? கட்டவில்லை. இதுவே கணவன், மனைவி, மூன்றிலிருந்து ஒன்பது வயதுக்குள் இரண்டு பிள்ளைகள், மூன்று கேரக்டர் சாப்பாடு என்றால் திட்டம் நன்றாகவே கைகொடுக்கும்.

2026-இல் வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பெரியவர்கள் திட்டம் வாங்கினால் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று டிஸ்னி அறிவித்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கும் குடும்பத்துக்கு இது கணக்கையே புரட்டிப் போடும். நிபந்தனைகளைப் படித்துவிட்டு, மேலே சொன்ன கணக்கில் பிள்ளை விலையைப் பூஜ்யமாக வைத்துப் பாருங்கள்.

சில சீசனில் பெரியவர்களுக்கும் திட்டம் இலவசம் என்று சலுகை வரும். அந்தச் சலுகையில் அறைக்கு முழு விலை கட்ட வேண்டியிருக்கும். அதே தேதிக்கு அறையில் தள்ளுபடி கிடைக்குமா என்று தனியாக விலை போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். விலை குறைந்த ஹோட்டலில் நாலைந்து பேர் தங்கினால் இலவசச் சாப்பாடு பெரும்பாலும் ஜெயிக்கும். விலை உயர்ந்த ஹோட்டலில் இரண்டு பேர் என்றால் அறைத் தள்ளுபடிதான் நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மெனுவை வீட்டிலேயே படிக்க வேண்டும்

டிஸ்னியின் தளத்தில் ஒவ்வோர் உணவகத்தின் மெனுவும் விலையோடு இருக்கிறது. முழுக்கத் தாவர உணவுக்கு ஓர் இலைச் சின்னம் போட்டிருப்பார்கள், அதில் பால், முட்டை இரண்டும் இருக்காது. பால் சேர்த்த சைவ உணவுகளுக்கு அந்தச் சின்னம் இருக்காது, வரி வரியாகப் படிக்க வேண்டும். சாதம், பீன்ஸ் எதுவானாலும் கோழி வேகவைத்த நீர் சேர்த்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், டேபிள் சர்வீஸில் சமையல்காரரே வந்து பேசுவதும் உண்டு.

அனிமல் கிங்டம் பார்க்கில் பண்டோரா பகுதியில் உள்ள சாட்டுலி கேன்டீன், கவுண்டர் கிரெடிட்டுக்கு நல்ல இடம் (திட்டத்தில் வரும் ஒவ்வொரு சாப்பாட்டையும் ஸ்நாக்கையும் ஒரு கிரெடிட் என்பார்கள்). அரிசி அல்லது தானியத்தின் மேல் டோஃபு வைத்து, விருப்பமான சாஸோடு கிண்ணத்தில் தருவார்கள். பர்கரைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் அப்பா அந்தக் கிண்ணத்தைத் துடைத்து வைத்தார். அனிமல் கிங்டம் லாட்ஜில் போமா என்று ஒரு பஃபே, ஆப்பிரிக்கச் சமையல். பருப்பும் கிழங்கும் மசாலாவுமாக நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

அதே லாட்ஜின் கிடானி வில்லேஜில் சனா. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். அங்கே பெயர் பெற்றது ஐந்து வகை நான், ரொட்டிகளும் ஒன்பது சட்னி, தொடுகறிகளும் சேர்ந்த பிரெட் சர்வீஸ். இரண்டு மூன்று பேருக்குப் போதும். ஆனால் அது மெனுவில் ஆரம்ப உணவு வரிசையில் வருவது, திட்டத்தில் ஆரம்ப உணவு சேராது. சைவக் குடும்பங்கள் அதையே சாப்பாடாக வைத்துக்கொள்ளும் இடத்தில் டேபிள் கிரெடிட்டைக் கொடுப்பது வீண். கையிலிருந்து பணம் கொடுத்து வாங்கினால் ஆளுக்கு ஆகும் செலவு ஒரு கிரெடிட்டின் மதிப்பில் பாதிகூட வராது.

திட்டம் எடுத்தால்

உணவகத்தில் இடம் பிடிப்பது 60 நாளுக்கு முன் தொடங்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் வந்து சேரும் நாளிலிருந்து 60 நாள் முன்பே, தங்கும் காலம் முழுவதற்கும் பத்து நாள் வரை ஒரே தடவையில் பதியலாம். கேரக்டர் சாப்பாடு கிடைக்காவிட்டால் பெரிய திட்டத்துக்கு அர்த்தமே இல்லை, அதனால் அன்று அதிகாலையில் எழுந்து உட்காருங்கள். பதிந்துவிட்டுப் போகாமல் விட்டால் ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள், வேண்டாமென்றால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள்.

சில உணவகங்கள் ஒரு வேளைக்கு இரண்டு டேபிள் கிரெடிட் கேட்கும். சின்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் ராயல் டேபிள், ஹூப்-டீ-டூ இரவு நிகழ்ச்சி இரண்டும் அப்படி. ஆசை இருந்தால் போங்கள், ஆனால் அன்றோடு இரண்டு நாள் டேபிள் சாப்பாடு தீர்ந்துவிடும் என்று தெரிந்து போங்கள்.

கிரெடிட் எல்லாம் முதல் நாளே மொத்தமாகக் கணக்கில் வந்துவிடும், குடும்பத்துக்குப் பொதுவாக. எந்த நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஸ்நாக் கிரெடிட்டைத் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுக்காதீர்கள், அது 4 டாலர் சமாச்சாரம். மிக்கி ஐஸ்கிரீம், டோல் விப் என்ற அன்னாசிக் குளிர் இனிப்பு போன்றவற்றுக்குக் கொடுங்கள்.

திட்டம் எடுக்காவிட்டால்

பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு கொண்டு போக அனுமதி உண்டு. இது தெரியாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, சூடாக்க வேண்டிய உணவாக இருக்கக் கூடாது. புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் இதற்கென்றே பிறந்தவை. இரண்டாம் தடவை ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலின் ஃபேமிலி ஸ்வீட்டில் தங்கினோம். ஆறு பேர் படுக்கலாம், சின்னச் சமையல் மேடையும் மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும் இருக்கும். அம்மா காலையில் டப்பா கட்டிவிடுவார், மதியம் பார்க்கில் நிழல் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டோம், இரவு மட்டும் வெளியே. கோப்பை இரண்டு மட்டும் தனியாக வாங்கினோம், காபிக்காக.

முன்கூட்டியே பணம் கட்டும் நிம்மதி வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. டிஸ்னி கிஃப்ட் கார்டு மாதம் கொஞ்சமாக வாங்கிச் சேருங்கள், அமெரிக்காவில் சில கடைகளில் அது சற்றுத் தள்ளுபடியில் கிடைக்கும். சாப்பாட்டுக்கு அதையே நீட்டலாம். மிச்சமானால் மிச்சம், காலாவதி ஆகாது.

டைனிங் பிளான் அப்படியில்லை. அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு மிச்ச கிரெடிட் எல்லாம் போய்விடும். அதனால் கடைசி நாளுக்கு முந்தின இரவே ஆப்பில் எத்தனை பாக்கி என்று பாருங்கள். எங்களுக்கு ஒன்பது ஸ்நாக் மீதி இருந்தது. காலையில் ஹோட்டல் கடைக்குப் போய், எதெல்லாம் ஸ்நாக் கணக்கில் வரும் என்று கேட்டு, மிக்கி உருவத்தில் பொதிந்த அரிசிப்பொரி இனிப்பில் ஒன்பது எடுத்தோம். மகள் ஒவ்வொன்றாக எண்ணி அப்பாவின் கைப்பையில் அடுக்கினாள். ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் வரை அவள் பள்ளி டப்பாவில் அதுதான்.